தாய்மாமன் போட்ட சம்மணம்

சுகாசனம் என்று பெயர் வைத்த மகானை ஒருநாள் நேரில் பார்த்தால் சட்டையைப் பிடித்துக் கேட்பேன். சுகமாவது, ஆசனமாவது! இரண்டு காலையும் மடக்கித் தரையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். பந்தியில் உட்காரும் அதே சம்மணம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே போடுகிற அந்தச் சம்மணத்தை, ஐம்பதை நெருங்கும் வயதில், பாய் ஒன்று வாங்கிக்கொண்டு, விடியும் முன்னே எழுந்து போய் நான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவருக்கும் கற்றுக்கொள்ள வைத்தவர்களுக்கும் நான் பட்டிருக்கிற நன்றிக்கடனை வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கோயம்புத்தூர் பீளமேட்டில் எனக்கு ஒரு பம்ப்செட் கடை இருக்கிறது. காலையில் போய்ச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால் ராத்திரி ஷட்டரை இறக்கும்வரை அதிலேயேதான் இருப்பேன். வீட்டுக்கு வந்தால் டைனிங் டேபிள், பிறகு சோபா, பிறகு கட்டில். டைனிங் டேபிள் வாங்கிய நாளிலிருந்து தரைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வயிறு முன்னால் போய்க்கொண்டிருந்தது, நான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், கோபம் அதைவிட அதிகம். கடைப் பையன்கள், என் மனைவி, சிக்னலில் குறுக்கே வருகிற பஸ் என்று யாரும் தப்பியதில்லை. ஆனால் வெளியாட்களிடம் அதெல்லாம் வராது. எங்கள் பக்கத்து வளர்ப்பு அப்படி. பசியோடு ஒரு வீட்டுக்குப் போவோம், சாப்பிடச் சொல்வார்கள், இப்போதுதான் சாப்பிட்டோம் என்போம். அவர்களும் விடமாட்டார்கள், நாமும் விடமாட்டோம். அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பதை எங்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டிவிடுகிறார்கள். இந்த நல்ல குணம்தான் கடைசியில் என் முழங்காலைப் பதம் பார்த்தது.

எனக்கு ஒரே தங்கை. அன்னூருக்கு அந்தப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். எங்கள் அப்பா அம்மா இருவரும் போய்விட்ட பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். கல்யாணமாகிப் பல வருடங்கள் அவளுக்குக் குழந்தை இல்லை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குத் தோட்டத்தை விட்டு வர முடியாத நாட்களில் நான் காரில் கூட்டிப்போவேன். ஊசி, பரிசோதனை, மறுபடி ஊசி என்று முடித்துக்கொண்டு அவள் வெளியே வருவாள். நான் கதவைத் திறந்துவிட்டு, "வலிச்சுதா கண்ணு?" என்று கேட்பேன். "இல்லீங்ணா," என்பாள். வழியில் இளநீர் வாங்கிக் கொடுப்பேன், குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நானும் வலிக்கவில்லை என்றே நம்பி வண்டியை ஓட்டினேன்.

அவள் நாற்பதைத் தொடும்போது ஒரு பெண் குழந்தை பிறந்தது. போனில் செய்தி வந்தபோது நான் கடையில் இருந்தேன். எதிரே, உள்ளே கம்பிச்சுருள் புகைந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஒரு விவசாயி சண்டை பிடிக்க வந்திருந்தார். நான் தேம்பி அழுததைப் பார்த்து, அவர் மோட்டாரைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறேனுங்க என்று சொல்லிப் போய்விட்டார். நல்ல மனுஷன்.

குழந்தைக்கு ஐந்தாவது மாதம் நடக்கும்போது மனைவியோடு பார்க்கப் போயிருந்தேன். பதினோராம் மாதத்தில் அவர்கள் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவது என்று பேச்சு வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இரண்டும் நடக்கும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாமனுக்கென்று சபையில் கிடைக்கிற பெரிய மரியாதை அது. அந்த உற்சாகத்தில், இப்போதே ஒத்திகை பார்க்கலாம் என்று குழந்தையை வாங்கிக்கொண்டு தரையில் உட்காரப் போனேன். பாதி தூரம் இறங்கியதும் முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. நான் அதைக் கேட்காமல் இறங்க, இரண்டு காலும் மேலே போக, மல்லாக்கச் சாய்ந்து சோபாக் காலைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி பாய்ந்து குழந்தையைப் பறித்துக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. தங்கையின் மாமியார் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே மெதுவாகச் சொன்னார்.

"மாமன் மடின்னா தரையில சம்மணம் போட்டு உக்கார்ற மடிதானுங்க தம்பி. உங்களுக்குச் சிரமம்னா, உங்க பெரியப்பா பையன் இருக்கறாரல்லங்க, அவரை உக்கார வெச்சுக்கலாமுங்க."

அதற்கென்னங்க அத்தை, பார்த்துக்கலாமுங்க என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அன்னூரிலிருந்து பீளமேடு வரும்வரை காருக்குள் கத்தினேன். என் தங்கை பிள்ளைக்குப் பெரியப்பா பையன் மடி கொடுப்பானாம்! அவனுக்கு அந்தக் குழந்தை எந்த மாதம் பிறந்தது என்று தெரியுமா? என் மனைவி கேட்டுக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "ஏனுங்க, இத்தனை கோவத்தையும் என்றகிட்டக் காட்டி என்னுங்க ஆகுது? முட்டிகிட்டச் சொல்லுங்க, மடங்குதான்னு பாப்போம்."

அன்று ராத்திரி தங்கை போன் செய்தாள். சேரில் உட்கார்ந்துகொள்ளலாமுங்ணா, அதனாலென்ன என்றாள். எனக்கு அவளைத் தெரியும். அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவள் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் இத்தனை வருடம் கழித்து வந்த பிள்ளையைப் பிறந்த வீட்டு மடியில் வைத்துப் பார்க்க அவளுக்கு ஆசை இருக்காதா?

மனைவிதான் விசாரித்து யோகா வகுப்பைக் கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக்கடையின் மாடியில் சின்ன ஹால். சொல்லிக்கொடுப்பவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவருக்கு இங்கே ஐ.டி. ஆபீஸில் வேலை என்பதால் அந்த வருடம்தான் கோயம்புத்தூருக்கு வந்திருந்தார். வகுப்பில் பெரும்பாலும் என் வயதுக்காரர்களும் ரிட்டயர் ஆனவர்களும்தான். எல்லோரும் உள்ளூர்.

நான் போன முதல் வாரம் அவர் என்னை உட்காரவே விடவில்லை. நிற்கச் சொன்னார். தாடாசனம். நிற்பதற்கு ஒரு வகுப்பா என்று மனதுக்குள் நொந்துகொண்டேன். இரண்டு பாதத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு, குதிகாலிலும் முன்பாதத்திலும் எடை சமமாக விழும்படி நிற்க வேண்டும். தோளைக் காதிலிருந்து கீழே இறக்க வேண்டும். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே கையை மேலே தூக்கி, விட்டுக்கொண்டே இறக்க வேண்டும். இவ்வளவுதான். இதைச் செய்தபோதுதான் ஒன்று தெரிந்தது. எங்கே நின்றாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே பழகி, இத்தனை வருடமும் நான் வலது காலில் மட்டுமே வாழ்ந்திருக்கிறேன். இடது கால் சும்மா கூட வந்திருக்கிறது.

அடுத்து நாலு காலில் பூனைபோல நிற்கிற ஆசனம். உள்ளங்கை தோளுக்கு நேர் கீழே, முழங்கால் இடுப்புக்கு நேர் கீழே. மூச்சை இழுக்கும்போது வயிற்றைத் தரைப்பக்கம் தளரவிட்டு முகத்தை நிமிர்த்த வேண்டும். விடும்போது முதுகை மேலே வளைத்துத் தலையைத் தொங்கவிட வேண்டும். இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நாற்காலியில் உட்கார்ந்தே கட்டையாகிப்போன முதுகு, வாரக் கணக்கில் செய்யச் செய்ய இளகியது. காலையில் குனிந்து செருப்பு மாட்டும்போது வழக்கமாக வரும் முனகல் நின்றுபோனதை என் மனைவிதான் கவனித்துச் சொன்னாள்.

புஜங்காசனத்தில் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். குப்புறப் படுத்துக் கையைத் தரையில் ஊன்றி, தண்டால் எடுப்பதுபோல உடம்பைத் தள்ளி, பல்லியைத் தேடுகிறவன்போல உத்தரத்தைப் பார்த்தேன். டீச்சர் கையைத் தரையிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்ததும் நெஞ்சு பொத்தென்று விழுந்தது. கை பேருக்குத்தான் அங்கே இருக்க வேண்டும், தூக்குவது முதுகு, முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், தொப்புள் தரையை விட்டு எழக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்ன மாதிரி செய்தால் ஒரு சாண்தான் எழ முடிந்தது. அது போதும் என்றார்.

விருட்சாசனத்தில் ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின்மேல் வைத்து நிற்க வேண்டும். பாதத்தைக் கெண்டைக்காலில் வைக்கலாம், தொடையில் வைக்கலாம், முழங்கால் மூட்டின்மேல் மட்டும் வைக்கவே கூடாது. கண்ணை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஆட்டம் நிற்கும். நான் சுவிட்ச்போர்டைப் பிடித்துக்கொண்டேன், கண்ணால்தான். முதல் சில நாள் கையாலும் பிடித்துக்கொண்டேன். கடைசியில் வரும் சவாசனத்துக்கு எனக்கு யாரும் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கையையும் காலையும் விரித்து மல்லாக்கப் படுத்த மறு நிமிடம் குறட்டை விட்டேன் என்று சொன்னார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, பட்டாம்பூச்சி ஆசனம் வரும்வரை. உட்கார்ந்து இரண்டு உள்ளங்காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முழங்கால்களைப் பக்கவாட்டில் தளரவிட வேண்டும். சம்மணத்துக்கு இடுப்பைத் தயார் செய்கிற ஆசனம் இதுதான் என்று டீச்சர் சொன்னதும் என் காது நிமிர்ந்தது. மற்றவர்கள் முழங்கால் தரையைத் தொடப் பார்த்தது. என்னுடையது இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி நிமிர்ந்து நின்றது. வலது முழங்காலின் உள்பக்கம் சுள்ளென்று ஒரு குத்தல். டீச்சர் ஒவ்வொரு பாயாக வந்து, "வலிக்கா சார்?" என்று கேட்டார். இல்லீங்க என்று சிரித்தேன். அவரும் நம்பி அடுத்த பாய்க்குப் போனார். தினமும் அவர் கேட்பார், தினமும் நான் சிரிப்பேன். வெளியூரிலிருந்து வந்து பாவம் இவ்வளவு சிரத்தையாகச் சொல்லிக்கொடுக்கிற பெண்ணிடம், நீ சொல்லிக்கொடுத்தது வலிக்கிறது என்று முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? எனக்கு அது அவரைக் குறை சொல்வதாகப் பட்டது.

நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மலை இறங்கவில்லை. பொறுமை நமக்குத்தான் கிடையாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கடைவீதிக்குப் போன நேரம் பார்த்து, வீட்டில் டிவி முன்னால் பட்டாம்பூச்சிபோல உட்கார்ந்து, முழங்காலுக்கு ஒன்றாக இரண்டு கோதுமை மாவுப் பைகளைத் தூக்கி வைத்துக்கொண்டேன். குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்தேன். மனைவி திரும்பி வந்து அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, மாவுப் பைகளை எடுத்துச் சமையலறையில் வைத்தாள். மறுநாள் காலை வலது முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

எலும்பு டாக்டர் ஐஸ் வைக்கச் சொன்னார், மாத்திரை கொடுத்தார். வீக்கம் முழுக்க வடியும்வரை தரைப் பக்கமே போகக் கூடாது என்றார். கடையில் கொஞ்சம் வேலை என்று டீச்சருக்குச் செய்தி அனுப்பிவிட்டு வகுப்பை நிறுத்தினேன். தங்கைக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. போனில் பதறினாள். எனக்காக நீங்க இப்படியெல்லாம் பண்ண வேண்டாமுங்ணா என்றாள். பெரியப்பா பையனிடம் மாமியார் ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிட்டார் என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நான் சரி கண்ணு என்றேன். அவளுக்கு எத்தனையோ நாள் காரோட்டியிருக்கிறேன். மடியில் ஒரு அரைமணி நேரம் அவள் குழந்தையை வைத்திருக்க எனக்கு வக்கில்லாமல் போயிற்றே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

டீச்சர் விடவில்லை. நான் போனை எடுக்கவில்லை என்றதும் வீட்டு எண்ணுக்கு அழைத்து என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். அவள் மாவுப் பை உட்பட எல்லாவற்றையும் சொல்லிப்போட்டாள். மறுநாள் காலை சும்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று டீச்சர் கூப்பிட்டார். வீக்கம் வடிந்துகொண்டிருந்தது, நொண்டிக்கொண்டு போனேன்.

வகுப்பு தொடங்கும் முன் அவர் என் எதிரே வந்து நின்றார். முழங்கால் முதன்முதலில் எப்போது வலித்தது என்று கேட்டார். பட்டாம்பூச்சி ஆரம்பிச்ச மொத நாளேங்க என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தினம் கேட்டேனே சார். சிரிச்சிட்டே இல்லைன்னு சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? உங்க மூட்டுக்குள்ளயா நான் உக்காந்திருக்கேன்?"

எங்கள் ஊரில் லேசாகச் சுளுக்கினாலே தெருவைக் கூட்டிவிடுவார்கள், இங்கே இப்படி ஒரு ஆளா என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சதை நடுவே இழுத்துப் பிடித்தால் அது இளகுகிற வலி, அங்கேயே மூச்சு விட்டுக்கொண்டு இருக்கலாம். மூட்டில் குத்தினால் அது நிறுத்தச் சொல்கிற வலி, உடனே வெளியே வந்துவிட வேண்டும். இனிமேல் இந்த ஹாலில் அவர் வலிக்கிறதா என்று கேட்டால் யாரும் டக்கென்று பதில் சொல்லக் கூடாது. முதலில் ஒரு மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். அதற்குப் பிறகு என்ன வருகிறதோ அதுதான் பதில்.

சொல்லிவிட்டு என் பக்கமே திரும்பி, இப்போது சொல்லுங்கள் என்றார். மூச்சை விட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை என் வாயில் வர அவ்வளவு கஷ்டப்பட்டது. "வலிக்குதுங்க," என்றேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பின்னால் ஒரு ரிட்டயர்டு பேங்க் அம்மா இருந்தார், வகுப்பிலேயே நன்றாகச் செய்பவர். அவர் மெதுவாகத் தொண்டையைச் செருமி, எனக்கும் சேர்ந்த நாளிலிருந்து இடுப்பில் பிடிக்கிறதுங்க என்றார். அப்புறம் சுவரோரத்தில் ஒருவருக்குத் தோள், ஜன்னலோரத்தில் ஒருவருக்குக் கழுத்து. எல்லோரும் இத்தனை மாதமும் இல்லீங்க இல்லீங்க என்று சிரித்துக்கொண்டிருந்தவர்கள். டீச்சர் ஒவ்வொரு பாயாகப் பார்த்து இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஆசனமே நடக்கவில்லை, ஒரு மணி நேரம் எல்லோரும் அவரவர் வலியைத்தான் பேசினோம்.

வீக்கம் முழுக்க வடிந்து, டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு, எனக்கு டீச்சர் சுகாசனத்தைப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு போர்வையைத் தடிமனாக மடித்து அதன் விளிம்பில் உட்கார வேண்டும். எனக்கு ரோஷம் வந்தது. போர்வைமேல் உட்கார நான் என்ன நோயாளியா? அவர் விளக்கினார். இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருந்தால் முழங்கால் தானாகக் கீழே இறங்கும். தாழ்வாக இருந்தால் நாள் முழுக்க அழுத்தினாலும் இறங்காது. உட்கார்ந்து பார்த்தேன். என் மேற்கு மலைகள் இரண்டும் யாரும் தொடாமலே சரிந்தன. இரண்டு முழங்காலுக்கும் அடியில் ஒரு துண்டைச் சுருட்டிச் சொருகினார். எந்தக் கால் முன்னால் என்பதை அவ்வப்போது மாற்றச் சொன்னார். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும் என்றார். அந்த இடத்தில் எனக்கு முதல்தடவையாகச் சுகம் என்பது புரிந்தது. அந்த மகானை மன்னித்துவிட்டேன்.

வீட்டில் மனைவி ஒத்திகை நடத்தினாள். மடிப்புப் போர்வையில் நான் உட்கார்ந்ததும் அரிசிப் பையைக் கொண்டுவந்து மடியில் வைப்பாள். அதை அணைத்துக்கொண்டு செய்தி பார்ப்பேன். "அரிசி அழுவாதுங்க, அதையும் ரோசனை பண்ணிக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போவாள். அவ்வளவு கிண்டலும் செய்துவிட்டு, ராத்திரி முழங்காலுக்குச் சூடு ஒற்றிக் கொடுத்தது அவள்தான். பெரியப்பா பையனுக்கு நானே போன் செய்து, மடி என்னுடையது, நீ பந்தியைப் பார்த்துக்கொள் என்றேன். அப்பாடா, தப்பித்தேன் என்றான். அவனுக்கும் முழங்கால் வலியாம், கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்ல முடியாமல் ஒத்துக்கொண்டிருக்கிறான்.

காதுகுத்து நாளில், அன்னூர் தாண்டி வேப்பமரங்களுக்கு நடுவே இருக்கும் அந்தக் கோயிலுக்கு, சீர்த்தட்டுகளோடு என் மடிப்புப் போர்வையும் போயிற்று. கல் தளத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். சுற்றி இரண்டு வீட்டுச் சொந்தமும் நின்றது. நான் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன். தங்கையின் மாமியார் என்னையும் போர்வையையும் மாறி மாறிப் பார்த்தார். இது என்னங்க தம்பி என்று கேட்டார். பழைய நானாக இருந்தால் சும்மாங்க அத்தை என்று சொல்லி அதைக் காருக்கே அனுப்பியிருப்பேன். மூச்சை விட்டேன். வெறும் தரையில உக்காந்தா வலிக்குதுங்க அத்தை, இது இருந்தா உக்காந்துக்குவேன் என்றேன். அவர் போர்வையை என் கையிலிருந்து வாங்கி, தானே குனிந்து ஜமுக்காளத்தில் வைத்து, சுருக்கத்தை நீவிவிட்டார்.

உட்கார்ந்தேன். கால் மடங்கியது. தங்கை குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். மொட்டை போடுபவர் தண்ணீர் தெளித்ததுமே குழந்தை ஆரம்பித்துவிட்டது. என் சட்டையெல்லாம் முடி. மொட்டை முடிந்து சந்தனம் பூசியும் அழுகை நிற்கவில்லை. காது குத்தும் ஆசாரி வேறொரு கோயிலில் மாட்டிக்கொண்டு வந்து சேரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. குழந்தையை வாங்கிக்கொள்ளட்டுமா என்று யாரோ கேட்டார்கள், வேண்டாம் என்றேன். குழந்தையின் முதுகை என் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு, டீச்சர் சொன்னபடி மூச்சை நீளமாக, மெதுவாக விட்டேன். என் பெருந்தொப்பைக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே உபயோகம் அன்றுதான். அது ஏறி இறங்க, அதன்மேல் சாய்ந்து அவளும் ஏறி இறங்கினாள். விசும்பல் குறைந்தது. ஆசாரி வந்து சேர்ந்தபோது என் வேட்டித் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு காது, அலறல். மறு காது, அதைவிடப் பெரிய அலறல். நான் பிடித்த பிடியை விடவில்லை. குலவைச் சத்தம் அடங்கியதும் எல்லோரும் பந்திக்கு நகர்ந்தார்கள். குழந்தை அழுது களைத்து, என் கை மடிப்பில் தலையை வைத்துத் தூங்கிப்போனாள். நான் எழுந்திருக்கவில்லை. தங்கை மட்டும் பக்கத்தில் நின்றாள்.

"வலிக்குதுங்களாண்ணா?"

மூச்சை விட்டேன். "வலிக்குது கண்ணு. கால் மரத்துப்போச்சு. ஆனா மூட்டுல இல்ல, இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுக்கறேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் இப்படி ஒரு பதில் சொல்லி அவள் கேட்டதில்லை. புதுப் பட்டுச் சேலையோடு ஜமுக்காளத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையின் காதில் ஒட்டியிருந்த சந்தனத்தை விரலால் துடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கும் வலிச்சுதுங்ணா. அந்த ஊசியெல்லாம். ஒவ்வொருக்காவும் வலிச்சுது."

அத்தனை வருடம், அத்தனை தடவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து திரும்பிய அந்தக் கார்ப் பயணங்கள். இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிய அந்த முகம். என் கண்ணீர் குழந்தையின் மொட்டையில் விழுந்தது, அவசரமாகத் துடைத்தேன். தங்கையும் அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். எங்கள் அம்மா இறந்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜமுக்காளத்தின் ஓரத்தைச் சுருட்டி என் வலது முழங்காலுக்கு அடியில் சொருகினாள். டீச்சர் துண்டைச் சொருகுகிற அதே இடம். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தலிலிருந்து அவள் மாமியார் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து என் தங்கை இதற்குச் சொல்கிற பதில் எனக்குத் தெரியும். பசிக்கலீங்க அத்தை, நீங்க சாப்பிடுங்க, அப்புறம் சாப்பிட்டுக்கறேனுங்க. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிச்சம் இருப்பதைச் சாப்பிடுவாள். அன்றைக்கு அவள் ஒரு மூச்சை வெளியே விட்டது என் காதில் விழுந்தது.

"பசிக்குதுங்க அத்தை," என்று பந்தல் வரைக்கும் கேட்கும்படி சொன்னாள். "ரெண்டு பேருக்கும் நல்லாப் பசிக்குது. அண்ணனால இப்ப எந்திரிக்க முடியாதுங்க. இங்கயே எலை போடச் சொல்லுங்க."

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் மாமியாரே இரண்டு இலையும் தண்ணீர்ச் செம்புமாக வந்தார். எங்கள் முன்னால் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவரும் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.